திறந்து வைத்தவர்

அவருடைய தோள்பையில் ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறதோ இல்லையோ, ஒரு சுருள் சிவப்பு ரிப்பனும் பித்தளைப் பிடி போட்ட கத்தரிக்கோலும் நிச்சயம் இருக்கும். மாத்திரையை மறந்து வந்து தலைசுற்றி உட்கார்ந்த நாள் என் குறிப்பேட்டில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. கத்தரிக்கோலை மறந்து வந்த நாள் ஒன்றுகூட இல்லை.

எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை போட்டவர். கடை வளர்ந்தது, கிளைகள் முளைத்தன. ஒவ்வொரு கிளையையும் யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து திறந்து வைப்பார். அப்போதெல்லாம் கத்தரிக்கோல் வைத்த வெள்ளித் தட்டை ஏந்தி ஓரமாக நின்றவர் அண்ணாச்சி. புகைப்படங்களில் அவருடைய முழங்கை வரைதான் விழுந்திருக்கும். நான் பார்த்த எல்லாப் படங்களிலும் அந்த முழங்கையை அவர் எனக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பிள்ளைகள் கடையை எடுத்துக்கொண்டு, "அப்பா, நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சொன்ன மாதத்திலிருந்து, அவர் திறக்க ஆரம்பித்தார்.

அபிராமபுரத்தில் அவர் குடியிருந்த அடுக்கு வீட்டின் லிஃப்ட் பழுதாகிச் சரிசெய்யப்பட்ட ஒவ்வொரு முறையும் அவர்தான் திறந்து வைப்பார். இரண்டாம் மாடிக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ரிப்பனுக்கு இந்தப் பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், நல்ல நேரம் வர நாலு நிமிஷம் இருக்கிறது என்று இவர் அவளுக்கு நாற்காலி போட்டதையும் நான் பார்த்தேன். எனக்குக் கண்புரை அறுவை நடந்த மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது வந்து நின்றார். "ராகு காலம் முடியட்டும் டாக்டர். அது வரைக்கும் சார்வாள் எதையும் பாக்க வேண்டாம்" என்றார். டாக்டர் கேட்கவில்லை. கட்டுப் பிரிந்ததும் அறையில் கைதட்டியவர் அவர் ஒருவர்தான். ஆகவே என் வலது கண்ணும் அவர் திறந்து வைத்ததே.

அவர் மேல் எனக்கு எரிச்சலும் பிரியமும் ஒரே அளவில் இருந்தன. இப்போது இளைய மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். அங்கே குடியிருப்பில் நடைபாதை விளக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து வைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நான் எழுத வந்தது ஒரு காட்டைப் பற்றி.

பொதுப்பணித் துறையில் வரைபடம் தீட்டி ஓய்வு பெற்றவன் நான். மந்தைவெளியில் வீடு. எது எந்தக் கிழமை நடந்தது என்று எழுதி வைக்காவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. இந்தக் குணத்துக்காகவே ஆழ்வார்பேட்டையில் கூடும் ஒரு மரம் வளர்ப்புக் குழுவில் என்னைச் செயலாளராக்கினார்கள். அண்ணாச்சி துணைத்தலைவர். குழுவின் திட்டம், மதுராந்தகம் தாண்டி ஒரு சிற்றூரில் ஏரிக்கு மேலே தரிசாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தை மீண்டும் காடாக்குவது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு இலுப்பை, நாவல், பூவரசு, புங்கன், நீர்மருது என்று அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நட்டோம். மக்கள் பங்கேற்புக்கென்று தனித் துணைக்குழுவே இருந்தது. அதில் பதினோரு பேர். அவர்களில் மிகத் தொலைவிலிருந்து வருபவர் ஆதம்பாக்கத்துக்காரர்.

ஊர்ப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் அஞ்சலை. மகளிர் குழுத் தலைவி. அவளிடம் போன் இருந்ததால் அவள் பெயர் தெரியும். அந்த நிலத்தில் ஊர் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேலி போட்டால் ஆட்டுக்காரர்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊர் எல்லை வரை போக வேண்டும். அஞ்சலை வீடு வீடாகப் போய், மூன்று மழைக்காலம் கதவைப் பூட்டி வைப்போம், அதற்குப் பிறகு புல்லும் தழையும் ஊருக்கே என்று வாக்குக் கொடுத்துச் சம்மதம் வாங்கினாள். முதலில் தன்னுடைய ஆறு ஆடுகளை அக்கா வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். அவளுடைய பெரிய மாமனார்தான் ஊரிலேயே அதிக ஆடு வைத்திருந்தவர். அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "செடி காஞ்சி கெடக்கறத ஒரு நாளு பாத்தன்னா, வேலியப் பிச்சி ஏரில போட்டுடுவன். அப்பறம் இந்தப் பொம்பள பேச்ச இந்த ஊர்ல எவனும் கேக்கக் கூடாது."

"காயாது மாமா" என்றாள் அஞ்சலை.

நடவு விழா புரட்டாசியில் ஒரு ஞாயிறு. கூட்டக் குறிப்பில் நான், "கிராம மக்கள் திரளாகப் பங்கேற்றனர்" என்று எழுதினேன். இதை விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டேன். விழாவன்று குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் அண்ணாச்சி காலால் மண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"மண்ணு காஞ்சு கெடக்கே. ஈரமில்லாத எடத்துல வெளக்கேத்தப்படாது. எங்கப்பா ஒரு கடைகூட அப்படித் தெறந்ததில்ல."

விழாவுக்கு வந்த பெண்கள் குடிக்க வைத்திருந்த குடங்களைத் தூக்கிவந்து ஊற்ற வேண்டியதாயிற்று. அஞ்சலையும் தன் குடத்தை ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஈர மண்ணைப் பார்த்தாள், அங்கிருந்து ஓரடி தள்ளி நட்டிருந்த கன்றைப் பார்த்தாள், பிறகு அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி அவளிடம், "இனிமே எதுன்னாலும் முன்கூட்டிச் சொல்லிரணும் தாயி. எங்க கடை லாரியில தண்ணி முதல்ல வந்து எடத்த நனைச்சிரும், அப்புறம்தான் நான் வருவேன்" என்றார்.

"சரிங்க அண்ணாச்சி" என்றாள்.

பங்குனி பிறந்தது. ஊர்க் கிணறுகள் அடிமண் காட்டின. கன்றுகளுக்குத் தண்ணீர் வேண்டும், வாரம் ஒரு லாரி அனுப்ப முடியுமா என்று அஞ்சலை எனக்குப் போன் செய்தாள். குழுவைக் கூட்டினோம். ஏசி அறை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில்.

எங்கள் குழுவின் தலைவி மயிலாப்பூர்க்காரர். இரக்கமுள்ளவர்தான். ஆனால் பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டால் அவருடைய குரல் மாறிவிடும். "நாம தண்ணி கொண்டுபோய் விட்டா அது தானம் ஆயிடும். அவாளா எடுத்துண்டு செய்யணும். அதுக்குப் பேர்தான் பங்கேற்பு."

"கிணறு வற்றிவிட்டதாம், மேடம்" என்றேன்.

"அதான் சொல்றேன். வத்தினா அவாளே ஒரு வழி கண்டுபிடிப்பா. அந்த அனுபவத்தை நாம தட்டிப் பறிக்கப்படாது."

துணைக்குழு தலையாட்டியது. அண்ணாச்சியும் கை தூக்கினார். "ஆமா ஆமா. பழக்கிவிட்டா அப்புறம் நிறுத்த முடியாது பாத்துக்கிடுங்க" என்றார். தண்ணீர் லாரி வேண்டாம் என்பது ஒருமனதாக நிறைவேறியது. கூட்டம் கலைந்தபோது பாதி குடித்த பாட்டில்கள் பதினொன்று மேசையில் இருந்தன. நான் எண்ணினேன். குறிப்பில் எழுதவில்லை.

முடிவை அஞ்சலைக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கோபப்படவில்லை. "பங்கேற்புன்னா இன்னா சார்?" என்று மட்டும் கேட்டாள். விளக்கினேன். விளக்கம் எனக்கே நன்றாக இல்லை.

"மாமா தெனம் வேலியாண்ட வந்து எட்டிப் பாக்கறாரு சார். நாவக்கன்னு நாலு சுருண்டு போச்சி. இது காஞ்சா நான் இந்த ஊர்ல தல காட்ட முடியாது" என்றாள். வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் மறுபடியும் போன் வந்தது.

"சார், அண்ணாச்சி ஊர்ல கீறாரா?"

"இருக்கார். என்ன விஷயம்?"

"இங்க ஒண்ணு தெறக்கணும்."

"என்ன திறக்கணும்?"

"பலகை சார். மரத்துப் பேரு எழுதின பலகை."

"எந்த மரம்?"

"அதெல்லாம் அவரு வந்தப்பறம் எழுதிக்கலாம் சார்."

வியாழக்கிழமை காலை கடையின் தண்ணீர் லாரி முன்னே போனது. நாங்கள் வேனில் பின்னால் போனோம். பெயர்ப்பலகை, நிலத்தின் வடகிழக்கு மூலையில் நாவல் கன்றுகளுக்கு நடுவே நின்றது. கரியால் எழுதியிருந்தார்கள். சுற்றிலும் நூறு அடிக்குத் தரை சேறாகக் கிடந்தது. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. "நனைச்சா இப்படி நனைக்கணும் சார்வாள். என்னா மரியாதை பாத்தீரா" என்றார். ரிப்பன் வெட்டினார், பத்து நிமிஷம் பேசினார், கேசரி சாப்பிட்டார்.

அதன்பின் அந்த ஊரில் திறக்க வேண்டியவை ஓயவில்லை. அடுத்தது தென்மேற்கில் ஒற்றையடிப்பாதை. அதற்கடுத்து பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு மண்சட்டி. ஏரியோரத்தில் ஒரு கல், உட்கார்வதற்கு. வேலிக் கதவின் தாழ்ப்பாள். ஒருமுறை இலுப்பைக் கன்றின் நிழல். முறம் அளவு நிழல்தான். அதன் குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டி, அந்த நிழலில் தன் வலது பாதத்தை வைத்து, "இது என் காலத்துல விழுந்த நெழலு" என்று உணர்ச்சிவசப்பட்டார். சித்திரைக் கடைசியில் ஒரு பாம்புச் சட்டையைத் திறந்து வைத்தார். வேலியோரம் கிடந்த அதைச் சுற்றி நாலு குச்சி நட்டு ரிப்பன் ஓட்டியிருந்தார்கள்.

"பாம்பு வந்துடுச்சின்னா அது காடுதான அண்ணாச்சி?" என்றாள் அஞ்சலை.

"சந்தேகமென்ன. ஆனா அது இங்கனதான் இருக்கா?"

"அது உங்க லாரி வந்ததும் ஓடிப்போச்சி."

அன்று பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

வெட்டிய ரிப்பன்கள் வீணாகவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகள் எல்லோருடைய சடையிலும் எங்கள் விழாக்கள் ஆடிக்கொண்டிருந்தன.

வேன் ஓட்டுநர் மூர்த்தி வண்ணாரப்பேட்டைக்காரன். ஒரு நாள் திரும்பும் வழியில், அண்ணாச்சி கண்ணயர்ந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "சார், ஒரு லாரி தண்ணில கோலத்துக்கு ஒரு பக்கெட்டு. மீதி தண்ணி எங்க சார் போவுது?"

"இடம் நனைக்க."

"எடம்தான்" என்றான். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீ எழுதிக்கினே இரு சார்."

அந்தச் சிரிப்பு என் மனதில் தங்கிவிட்டது. ஆனியில், மழை இரண்டு பிடித்த வாரத்தில், குறிப்பேட்டைச் சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். நாலு பத்திகள் போட்டிருந்தேன்: நாள், இடம், திறக்கப்பட்ட பொருள், திறந்து வைத்தவர். கடைசிப் பத்தியில் முதல் வரியில் மட்டும் பெயர், கீழே எல்லாம் மேற்படி. பழைய பழக்கத்தில் நிலத்தின் வரைபடம் ஒன்று தீட்டி, ஒவ்வொரு விழா நடந்த இடத்தையும் புள்ளி வைத்துப் பார்த்தேன். பதினோரு புள்ளிகள். வடகிழக்கில் ஆரம்பித்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய சம தூரம் விட்டு, மொத்த நிலத்தையும் சுற்றி வந்திருந்தன. எந்த இரண்டு விழாவும் ஒரே இடத்தில் நடக்கவில்லை. நாட்களைப் பார்த்தேன். எட்டு நாளுக்கு ஒன்று, ஒன்பது நாளுக்கு ஒன்று. சித்திரையில் ஒரு தடவை மட்டும் பதினாறு நாள் இடைவெளி. அந்த இடைவெளியின் நடுவில், என் குறிப்பேட்டிலேயே, "இரவு கோடை மழை, மின்தடை" என்று எழுதியிருந்தது.

அடுத்த முறை போனபோது அஞ்சலையிடம் வரைபடத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா போட்டுக்கிறீங்க சார். இந்த எடத்துல ஒரு புள்ளி கொறையுது. அங்க பூவரசு வாடுது. அடுத்த வாரம் எத தெறக்கலாம், நீங்களே சொல்லுங்க."

"அவர் நல்ல மனுஷன், அஞ்சலை."

"நல்லவருதான். இல்லன்னு யாரு சொன்னா? தண்ணி குடுங்கன்னா பங்கேற்புன்றீங்க. தெறக்க வாங்கன்னா தண்ணியோட வர்றீங்க. நாங்க இன்னா சார் பண்றது?"

மனசாட்சி உறுத்தியது. ஏமாற்றப்படுகிற நண்பருக்குச் சொல்லாமல் இருப்பது சரியா? ஒரு திங்கட்கிழமை மாலை அபிராமபுரத்துக்குப் போய்ப் பட்டியலையும் வரைபடத்தையும் அவர் முன்னால் வைத்தேன். நாட்கள், இடைவெளிகள், புள்ளிகள் எல்லாவற்றையும் விரலால் தொட்டு விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். முகம் இறுகியது. தவறு செய்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

"என்ன சார்வாள் இது? உம்மகிட்ட நான் இத எதிர்பாக்கல."

"அண்ணாச்சி, நான்..."

"தாழ்ப்பாள் எங்க? வேலிக் கதவுத் தாழ்ப்பாள் தெறந்தேம்லா? பட்டியல்ல விட்டுப்போச்சே!"

அவர் சொன்னது சரி. விட்டுப்போயிருந்தது. ஏரியோரக் கல்லைத் திறந்த அன்றே, திரும்பும் வழியில் திறந்தது அது. திருத்தினேன். வேறு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. இரண்டாம் கோடையில் லாரி இன்னும் பெரிதாக வந்தது.

மழைக்காலங்களில் அந்த ஊரில் திறக்க ஒன்றும் இருக்காது. எங்கள் ஆண்டறிக்கையில், "வறண்ட கோடையிலும் வெளி உதவியின்றி மக்களே காத்த காடு" என்று தலைவி எழுதினார். துணைக்குழுவின் குழுப்படம் போட்டிருந்தது. படம் ஆழ்வார்பேட்டையில், கட்டடத்துக்குக் கீழே, ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்கு அருகில் எடுத்தது.

மூன்றாம் மழை முடிந்து தை பிறந்ததும் அஞ்சலை கூப்பிட்டாள். "வெள்ளிக்கெழம கதவு தெறக்கறோம் சார். புல்லு அறுக்க. அண்ணாச்சிய கண்டிப்பா கூட்டிக்கினு வாங்க. லாரி வேணாம்."

லாரி வேண்டாம் என்று அவள் சொன்னது அதுவே முதல் முறை.

அண்ணாச்சி புது வேட்டி கட்டியிருந்தார். பத்தரைக்குக் காட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தோம். வெள்ளிக்கிழமை பத்தரை ராகு காலத்தின் ஆரம்பம். வேனை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒன்றரை மணி நேரம் புளியமர நிழலில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தோம். மூர்த்தி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணாச்சி, கதவு தொறந்துகீது. காலைலயே உள்ள போய் அறுத்துக்கினு கீறாங்க. வெயில் ஏறுனா அறுக்க முடியாதாம்."

"யாரு தெறந்தது?"

"தெரில. தள்ளிட்டு போய்ட்டாங்க போல."

அண்ணாச்சி ரிப்பன் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு அடித்ததும் இறங்கி நேரே வேலிக்குப் போனார். உள்ளே மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றன. பெண்கள் தலையில் புல்கட்டோடு வரிசையாகக் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அஞ்சலை. அண்ணாச்சி கை காட்டி அவர்களை நிறுத்தினார். கதவை இழுத்துச் சாத்தினார். நிலைக்கம்பங்களுக்குக் குறுக்கே ரிப்பனைக் கட்டினார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். பெண்கள் உள்ளே, நாங்கள் வெளியே, நடுவில் ரிப்பன்.

"வெளக்கு எங்க மூர்த்தி?"

விளக்கை வைக்கப்போன இடத்தில் பழக்கப்படி காலால் மண்ணைத் தடவினார். நின்றார். சருகை ஒதுக்கி மறுபடியும் தடவினார்.

"ஈரமா இருக்கு. லாரி வேண்டாம்னியே, யாரு நனைச்சது?"

"யாரும் நனைக்கல அண்ணாச்சி" என்றாள் அஞ்சலை கட்டுக்கு அடியிலிருந்து. "பனி. நெழல்ல காயல."

அவர் பாதத்தை எடுக்கவில்லை. வேலிக்கு வெளியே அவளுடைய பெரிய மாமனார் கைத்தடியோடு நின்றிருந்தார். அவருக்கும் அது கேட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு, "என் கட்டு எது?" என்று மட்டும் கேட்டார்.

"மூணாவது மாமா. கொண்டாறாங்க."

விளக்கு ஏற்றுவதில் தகராறு. காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. நாலு குச்சி, ஐந்து குச்சி. அண்ணாச்சி குனிந்தபடி கையால் மறைத்துக்கொண்டு போராடினார்.

"கழுத்து ஒடியுது அண்ணாச்சி" என்றாள் அஞ்சலை.

"இந்தா ஆச்சு தாயி, இந்தா ஆச்சு."

ஏழாவது குச்சியும் அணைந்தது. அஞ்சலை ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த புல் அரிவாளை ரிப்பனுக்கு அடியில் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அறுந்தது. உள்பக்கத்திலிருந்து வெளியே வந்தாள். பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். புல் வாசனை எங்கள் மேல் உரசிக்கொண்டு போனது.

அண்ணாச்சி நிமிர்ந்தார். ஒரு கையில் தீப்பெட்டி, ஒரு கையில் கத்தரிக்கோல். இரண்டையும் பையில் போட்டுவிட்டுக் கைதட்டினார். என் கண்கட்டைப் பிரித்த அன்று தட்டிய அதே தட்டல்.

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். நாள் எழுதினேன். இடம் எழுதினேன். "திறந்து வைத்தவர் யாரென்று போடட்டும் அண்ணாச்சி?"

"எத்தன பேரு வெளிய வந்தாவ?"

"எண்ணவில்லை."

"எண்ணாம என்ன செயலாளரு நீரு? ஓடும். பேரு கேட்டு எழுதிட்டு வாரும். தலைச்சுமைக்காரிக நிக்க மாட்டாவ, விறுவிறுன்னு போயிருவாவ."

நான் ஓடினேன். இந்த வயதில், கையில் பேனாவோடு, ஏரிக்கரை மேல் புல்கட்டுகளுக்குப் பின்னால் ஓடினேன். அஞ்சலை திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா சார், இப்டி ஓடியாறீங்க?"

"பேர் வேணும். எல்லோருடைய பேரும்."

"இத்தினி வருஷமா எழுதறீங்க. இப்பத்தான் பேரு கேக்கறீங்களா?"

அவள் நடந்துகொண்டே சொன்னாள். எனக்கு முன்னால் இருந்தவள் சொன்னாள், அவளுக்கு முன்னால் இருந்தவள் சொன்னாள். நானும் நடந்துகொண்டே எழுதினேன். பத்தொன்பது பெயர்கள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. சுத்தப் பிரதி எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணாச்சியின் போன்.

"சார்வாள், எல்லாரு பேரும் போட்டுட்டீரா?"

"போட்டுவிட்டேன். பத்தொன்பது."

"நல்லது." கொஞ்சம் இருமினார். "அதுக்குக் கீழ எடம் இருக்குமா? ஒரு வரி போதும். மேற்படின்னு போட்டுராதையும். பேரு எழுதும்."